இடி இடித்தால் நின்றுபோகும் நெட்

ஒக்டோபர் 9, வியாழன்

வெயில். காற்று இல்லை. கருவாட்டு வாடை மட்டும் தாராளம்.

இதனால் ஊரார் சகலருக்கும் அறியத் தருவது: நமது கணினி நிலையத்தின் நான்காம் இலக்கக் கம்ப்யூட்டரில், இன்று பிற்பகல் இரண்டே காலுக்கு அடியேன் திறந்த கிரிக்கெட் வீரரின் படம், மூன்று மணியளவில் புருவம் வரை வந்து சேர்ந்தது. மூக்கு நாளை எதிர்பார்க்கப்படுகிறது. வாய் பற்றித் தகவல் இல்லை.

சீ.

இரண்டு கிழமையாக இதே கூத்து. நுரைச்சோலைக்கு இந்தப் பக்கம், எங்கள் ஊரில் ஒழுங்கான நெட் உள்ள ஒரே இடம் பிரதேச நலன்புரிச் சங்கத்தின் நிலையம்தான். வீட்டில் கதிரை மேல் ஏறிப் போனைக் கூரையோடு பிடித்தால் ஒரு கோடு சிக்னல். உம்மா பார்த்தால் அதுவும் இல்லை, அடிதான்.

நிலையம் என்றால்: கம்ப்யூட்டர் எட்டு, உயிரோடு ஆறு. வாசலில் நிரந்தரமாக ஒரு கழுதை. உள்ளே பொறுப்பாளர் அஸ்வர் சேர். நல்ல மனுசன், பயந்த மனுசன். அவர் மேசைக்கடியில் ஒரு பழைய பெட்டி. அதுதான் ப்ரொக்ஸி. நாங்கள் நெட்டில் எதைக் கேட்டாலும் அந்தப் பெட்டிதான் போய் எடுத்து வந்து தரும், கடைக்கு அனுப்பிய ஆள் மாதிரி. முன்பு ஓடிப் போய் ஓடி வந்த ஆள். இப்போது பொறு, பொறு, பொறு. ஆகவே இன்று முதல் அதன் பெயர் பொறுக்ஸி.

ராத்தாவுக்கு (என் அக்காதான்) அடுத்த வியாழன் பரீட்சை. நெட்டிலேயே எழுத வேண்டும். பிற்பகல் இரண்டரையிலிருந்து நாலு மணி வரை. தெரிவானால் கொழும்பில் இரண்டு வருடப் படிப்பு, செலவு முழுக்க அந்தக் கல்லூரியுடையது. போன முறை உயர்தரப் பரீட்சையில் ஒரு பாடம் சறுக்கியதற்குப் பிறகு அவளுக்கு இருக்கிற ஒரே வழி இது. தவறினால் மாமியின் மகனுக்குக் கலியாணம் பேசி முடிக்கப் போகிறார்கள். மச்சானுக்கு இந்த உலகத்தில் தெரிந்த ஒரே விஷயம் டயர்.

ராத்தா கேட்டாள்: "நெட் அண்டைக்கு ஒழுங்கா இரிக்குமாடா?"

நான்: "நான் இரிக்கன்தானே."

அவள்: "அதான் பயமா இரிக்கு."

ஒக்டோபர் 11, சனி

காலையில் மேகம், பிறகு பொய். மழை இல்லை.

அருவருப்பான நாள். எழுதி வைக்கிறேன்.

முதலில் லொக். ப்ரொக்ஸிப் பெட்டி சும்மா எடுத்துத் தருவதில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதி வைக்கும்: எந்தக் கம்ப்யூட்டர், எத்தனை மணி, என்ன தேடியது. அந்த ஏட்டுக்குத்தான் லொக் என்று பெயர். எப்போதும் இருமிக்கொண்டிருக்கும் பெயர். முன்பு தன் வயிற்றுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தது, யாருக்கும் கரைச்சல் இல்லை.

போன மாதம் சங்கத் தலைவர் ஹாஜியாருக்கு ஞானம் பிறந்தது. "புள்ளைகள் என்னத்தப் பாக்குதுகள் எண்டு கூட்டத்தில வாசிச்சுக் காட்டுவன்" என்றார். கூட்டத்துக்கு முதல் நாள் பார்த்தால் லொக் துடைத்துவிட்ட பீங்கான் மாதிரி. ஒரு வரி இல்லை. யார் வேலையோ. கைதேர்ந்த வேலை, அதை மட்டும் சொல்வேன். ஹாஜியாருக்குச் சந்தேகம் அஸ்வர் சேர் மேல். அதனால் புது ஏற்பாடு. இனி ஒரு வரியும் இங்கே தங்காது. எழுத எழுத மதுரங்குளிக்கு, ஹாஜியார் வீட்டு விறாந்தையில் இருக்கும் கம்ப்யூட்டருக்குப் போகிறது. அங்கே எவனும் அழிக்க ஏலாதாம்.

இன்று அந்த ஹாஜியார் ஒரு கட்டுக் கடதாசியோடு வந்தார். கண்ணாடியைத் துடைத்தார். வாசித்தார். எல்லோர் முன்னிலும்.

"ரெண்டாம் நம்பர்... செவ்வா... பட்டம் விடுற நூலு. சரி. நாலாம் நம்பர்... புதன்... 'கழுதைக்கு எத்தின வருசம் ஆயுள்'. இதென்ன கேள்வி? நாலாம் நம்பர்... 'சங்கத் தலைவர்கள் எத்தின வயசில ஓய்வு'..."

அங்கே நிறுத்தினார். நான் கூரையைப் பார்த்தேன். பல்லி ஒன்று. பின்னால் சிரிப்பு அடக்கும் சத்தம், மூக்கால். அவர் வாசிப்பார் என்று தெரிந்தே போட்ட வரி அது. என் வாழ்நாள் சாதனைகளில் மூன்றாம் இடம்.

ஆனால் அடுத்தது: "மூணாம் நம்பர்... வியாழன்... 'மாதா மாதம் வயித்து வலி...'"

அவருக்கே பாதியில் விளங்கி நின்றுவிட்டார். ஆனால் மூன்றாம் நம்பரில் வியாழக்கிழமை யார் இருந்தது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ரிஸ்வானா. ராத்தாவின் கூட்டாளியின் தங்கச்சி. கொப்பியை எடுத்தாள், பையில் போட்டாள், சிப்பை மூடினாள், எழுந்து போனாள். சிப் மூடிய சத்தம் மட்டும் கேட்டது. அவளோடு மற்ற மூன்று பெண்பிள்ளைகளும் போனார்கள்.

ஹாஜியார் கடதாசியை மடித்தபடி: "நான் பொதுவாத்தான் சொன்னன்."

துப்பலாம் போலிருந்தது. துப்பவில்லை. சனிக்கிழமை வகுப்புக்குப் போட்ட பள்ளிக்கூடச் சட்டை மேலில் இருந்தது.

ஒக்டோபர் 13, திங்கள்

புழுக்கம். வானம் வெள்ளை.

வாங்க வேண்டியது: பாண் இரண்டு, உம்மாவுக்கு இஞ்சி, சைக்கிளுக்கு வால்வு. வால்வு மறந்தேன். இஞ்சியும்.

பொறுக்ஸியைப் பரிசோதித்தேன். வெறும் எழுத்து உள்ள பக்கம் ஒன்று: நாலைந்து விநாடி. படமும் விளம்பரமும் உள்ள செய்திப் பக்கம்: தேத்தண்ணி ஊற்றிக் குடித்துக் கோப்பையும் கழுவலாம். அதே லைன், அதே பெட்டி. பிறகு ஏன்?

அஸ்வர் சேர் முதலில் மழுப்பினார். பின்பு சொன்னார். ஏற்பாடு செய்து கொடுத்தது ஹாஜியாரின் மருமகன். ஹாஜியார் அவரிடம் போட்ட கட்டளை ஒன்றே ஒன்று: ஒரு வரியும் தவறக் கூடாது. மருமகன் அப்படியே செய்து வைத்துவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டார். அதாவது பெட்டி ஒரு வரியை மதுரங்குளிக்கு அனுப்பும். "கிடைத்தது" என்று அங்கிருந்து பதில் வரும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். வந்த பிறகுதான் அடுத்த வேலை. ஒரு செய்திப் பக்கத்தில் சின்னச் சின்னப் படம், பொத்தான், விளம்பரம் என்று நூறு துண்டு. நூறு துண்டுக்கு நூறு வரி. நூறு தரம் மதுரங்குளி போய் வர வேண்டும். இதற்குள் ஆறு கம்ப்யூட்டரும் ஒரே வரிசையில்.

கடைக்குப் போன ஆள் சீனி வாங்கினதும் வீட்டுக்குக் கோல் எடுத்து "சீனி வாங்கிட்டன்". உப்பு வாங்கினதும் ஒரு கோல். தீப்பெட்டிக்கு ஒரு கோல். வீட்டில் போனை எடுக்காவிட்டால் கடை வாசலிலேயே நிற்பான். அவன் ஆள் அல்ல, தூண்.

"சேர், இத மாத்த ஏலாதா?"

"ஏலும் மகன். பதிலுக்கு நிக்காம இங்கயே ஒரு பிரதி எழுதி வெச்சு, பொறகு மொத்தமா அனுப்பச் சொல்லலாம். அஞ்சு நிமிச வேலை."

"அப்ப?"

"அப்ப ஒண்டுமில்ல. பெட்டில கை வெச்சா வேலை இல்ல எண்டு ஹாஜியார் சொல்லியிரிக்கார்."

மூன்று பத்துக்கு நெட் மெதுவாவதையும் நிறுத்தி மொத்தமாகச் செத்தது. ஐந்து மணி வரை அசையவில்லை. சேர் நெட் கொம்பனிக்குக் கோல் எடுத்தார். லைனில் பிழை இல்லையாம்.

ராத்தா நிலையத்துக்குள்ளேயே வந்து நின்று பார்த்துவிட்டுப் போனாள். வாசலில் விரல் மடக்கி எண்ணினாள், மூன்று நாள். 

ஒக்டோபர் 14, செவ்வாய்

இங்கே வெயில். தெற்கே, குடாவுக்கு அப்பால், வானம் கறுப்பு. தூரத்தில் முழக்கம்.

மூன்றுக்குக் கொஞ்சம் முதல் நெட் செத்தது. முழக்கம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில்.

நேற்று எப்படி? நேற்றும் தூரத்தில் முழங்கியது. வெள்ளிக்கிழமையும்.

இங்கே இடி இல்லை. மழை இல்லை. கரண்ட் இருக்கிறது. அப்படியென்றால் இடி இருக்கும் இடத்தில் என்ன நடக்கிறது? மாமேதை (நான்) சேரின் சுவரில் ஒட்டியிருக்கும் ஹாஜியார் வீட்டு நம்பரைப் பார்த்தான். கூட்டாளி ஒருவனின் போனை இரவல் வாங்கினான். தொண்டையைச் செருமினான்.

"அஸ்ஸலாமு அலைக்கும். இடி விபரம் எடுக்கிற ஒபிஸ்ல இரிந்து கதைக்கிறம் உம்மா."

ஹாஜியாரின் மனைவி. "வ அலைக்கும் ஸலாம். என்ன விபரம் மகன்?"

"இடி. உங்கட பக்கம் இண்டைக்கு எத்தின மணிக்குத் தொடங்கின?"

"அத ஏன் கேக்குறீங்க மகன்! பகல் சோத்துப் பீங்கான் கழுவி முடியல்ல, முழங்கத் தொடங்கிட்டு. ஓடி ஓடிப் பிளக்கெல்லாம் கழட்டினன். ஃபிரிஜ், டீவி, மனுசன்ட அந்தக் கம்ப்யூட்டர், எல்லாம். போன வருசம் எங்கட மதினிட டீவி இடில எரிஞ்சு போன. அதுக்குப் பொறகு நான் ஒண்டையும் விட்டு வெக்கிற இல்ல."

"திருப்பி எப்ப குத்துவீங்க?"

"அஸர் தொழுதிட்டு வானத்தப் பாப்பன். வெளுத்தாத்தான்."

"முந்தாநாத்து, நேத்து?"

"மழைக் காலம் முடியுற வரைக்கும் ஒவ்வொரு நாளும் இதுதான் மகன். எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். வைக்கப் போகும்போது அவர்: "மகன்ட குரல் சின்னப் புள்ளைட குரலா இரிக்கு. பகல் சாப்பிட்டீங்களா?"

கள்ளக் கோலுக்குச் சோறு விசாரித்த மனுசி. போனைக் கூட்டாளியிடம் திருப்பிக் கொடுத்தேன்.

ஆக: மதுரங்குளியில் பிளக் கழன்றால் பதில் சொல்ல அங்கே ஆள் இல்லை. பெட்டி காத்திருக்கும். காத்திருக்கும். நாங்கள் எல்லோரும் அதற்குப் பின்னால் வரிசையில் காத்திருப்போம். முப்பது, நாற்பது கிலோமீற்றருக்கு அப்பால் ஒருவர் ஃபிரிஜ்ஜைக் காப்பாற்ற, இங்கே ஒரு ஊரே செத்துப்போகிறது.

கண்டுபிடித்தவன் நான். நானே. அடியேனே.

ஒக்டோபர் 15, புதன்

மழை தூறி நின்றது. நிலையத்துக்குள் ஈரக் கழுதை. அதன் வாடைக்கு முன் கருவாடு அத்தர்.

சேரிடம் எல்லாம் சொன்னேன். கள்ளக் கோலையும். சிரிக்காமல் இருக்கப் பார்த்துத் தோற்றார். பிறகு தைரியம் வந்து ஹாஜியாருக்குக் கோல் எடுத்தார். ஸ்பீக்கரில் போட்டார்.

"ஹாஜியார், நாளைக்குப் புள்ள ஒண்டுக்குப் பரீட்சை. அங்க பிளக் கழண்டா இங்க நெட் நிக்குது. அந்த செட்டிங்க மட்டும்..."

"என்ட வீட்டுப் பிளக்கையும் நீங்கதான் பாக்குறதோ? இடி விழுந்தா ஆரு பொறுப்பு?"

"அதுக்கில்ல ஹாஜியார். இங்கயே ஒரு பிரதி வெச்சா..."

"இங்கயே வெச்சுத்தானே போன மாசம் மொத்தமா அழிஞ்சது! அஸ்வர், ஒரு கத சொல்றன். அழிச்சவன் ஆரெண்டு தெரியிற வரைக்கும் அந்தப் பெட்டிய ஆரும் தொடப்பிடாது. தொட்டா சாவிய வெச்சிட்டுப் போங்க."

வைத்துவிட்டார்.

சேர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கண்ணாடி இல்லாத அவர் முகம் எனக்குப் பழக்கமில்லை. "பாத்தியா மகன்? அவர் நான்தான் அழிச்சன் எண்டே நெனச்சிட்டு இரிக்கார். நான் பொறுப்பா வெச்சிரிந்த லொக்க நானே ஏன் அழிக்கப் போறன்? ஒரு மாசமா ஊருக்குள்ள போகவே கூச்சமா இரிக்கு."

நான் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தேன். மீதியைக் கழுதைக்குப் போட்டேன்.

வீட்டில் ராத்தா பழைய வினாத்தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டாள்: "சரியாயிட்டா?"

"நூறு வீதம்" என்றேன்.

சீ. என்ன வாய் இது.

ஒக்டோபர் 16, வியாழன்

காலையில் நீல வானம். துஆக் கேட்டேன், இடிக்கு எதிராக.

இரண்டு மணி: ராத்தா, வெள்ளை பர்தா, இரண்டு பேனை, தண்ணீர்ப் போத்தல். மூன்றாம் நம்பர். மற்ற ஐந்து கம்ப்யூட்டரையும் சேர் நிறுத்திவிட்டார், வரிசை குறையட்டும் என்று. இரண்டரைக்குத் தொடங்கியது. கேள்வி ஒவ்வொன்றாக வரும். நாற்பது. மெதுவாக, ஆனால் வந்தது.

இரண்டு ஐம்பத்தைந்து: முழக்கம்.

பதினேழாம் கேள்வி வரவில்லை. வெள்ளைத் திரை. மூலையில் பரீட்சைக் கடிகாரம் மட்டும் ஓடியது. அதற்கு நெட் தேவையில்லை.

ராத்தா அழவில்லை, கத்தவில்லை. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருந்தாள். திரும்பி என்னைப் பார்க்கவுமில்லை. கடிகாரம்: 64. 63. 62.

சேர் பெட்டிக்கு முன்னால் முழங்காலில். விசைப்பலகையில் கை வைத்தார், எடுத்தார். வைத்தார், எடுத்தார். "நான் தொட்டா நான்தான் எண்டு ஆகிடும் மகன். மூணு புள்ளைகள் இரிக்கு எனக்கு."

58.

சேரின் போனை எடுத்தேன். ஹாஜியார்.

"நான் லொக்க அழிச்சவன் கதைக்கிறன்."

"ஆரு?"

பெயர் சொன்னேன். வாப்பா பெயரும் சொன்னேன், வெங்காயத் தோட்டமும் சொன்னேன், ஆள் மாறக் கூடாது என்று.

"நீயா! என்னத்துக்குடா?"

ஒரு மூச்சு. "பொம்பளப் புள்ளைகள்ட விஷயம் வெளிய வரப்பிடாதெண்டு. நீங்க கூட்டத்தில வாசிப்பன் எண்டு சொன்னீங்க. அதுக்குத்தான். சேருக்கு ஒண்டும் தெரியாது. இப்ப ராத்தாட பரீட்சை நிண்டு போய் இரிக்கு ஹாஜியார்."

 அங்கே ஒரு இடி மட்டும் கேட்டது. பிறகு வேறு குரலில்: "ரிஸ்வானாட வாப்பா நேத்து என்ட கடைக்கு வந்து நாலு பேருக்கு முன்னால என்னக் கேட்டுட்டுப் போனார். ம்... சேரிட்டக் குடு."

சேர்: "ஓம் ஹாஜியார். ஓம். ஓம். இப்பவே." போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டே தட்டினார். பெட்டி நின்று மறுபடி எழும்பியது. ராத்தா மறுபடி உள்ளே போனாள். பதினேழாம் கேள்வி. மூன்று பதின்மூன்று. அதற்குப் பிறகு கேள்விகள் வந்த வேகம்! பொறுக்ஸி பறக்ஸியாகிவிட்டது. தெற்கே இடி விடாமல் விழுந்துகொண்டிருந்தது, யாருக்குக் கவலை.

நாலு மணிக்குத் திரை மூடியது. கடைசி ஆறு கேள்வியை அவள் பார்க்கவேயில்லை.

இருந்தாலும்: காப்பாற்றியவன் நான். கண்டுபிடித்தவன் நான். துணிந்தவன் நான். பிற்காலத்தில் யாராவது இந்தக் கொப்பியை வாசித்தால் அவர்கள் எழுந்து நின்று வாசிக்கவும்.

ஒக்டோபர் 17, வெள்ளி

வெயிலும் மழையும் ஒன்றாக.

ஜும்ஆ முடிந்து வாசலில் ஹாஜியார் நின்றிருந்தார். எங்கள் ஊர்ப் பள்ளிவாசலுக்கே வந்திருக்கிறார். வாப்பாவும் பக்கத்தில். ஓட வழி இல்லை.

எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்: "செஞ்ச வேலை பிழை. ஆனா நிய்யத்து சுத்தம். மனசில என்ன நெனச்சுச் செய்ற எண்டதத்தான் அல்லாஹ் பாப்பான். எனக்கு வராத வெக்கம் இந்தப் பொடியனுக்கு வந்திரிக்கு." சேரின் கையைப் பிடித்து மன்னிப்பும் கேட்டார். இனி லொக்கை யாரும் வாசிப்பதில்லை என்று முடிவு. எனக்குத் தண்டனை: ஒரு மாதம் நிலையத்தைக் கூட்டித் துடைப்பது. கழுதை நின்ற இடம் உட்பட.

பிற்பகல் பெண்கள் நாலு பேரும் திரும்பி வந்தார்கள். ரிஸ்வானா என் மேசையில் ஒரு சொக்லட் வைத்துவிட்டு, என்னைப் பாராமலே, "தேங்க்ஸ் நானா" என்றாள்.

நானா, அதாவது அண்ணன்! என்னை!

வாப்பாவோடு திரும்பி நடந்தேன். வீட்டு வாசலில் தோளில் ஒரு தட்டு. அவ்வளவுதான். ஆனால் அவர் கை அப்படி என் தோளுக்கு வந்து வருடக்கணக்கு.

சொக்லட்டைத் தின்னவில்லை. அலுமாரியில் வைத்திருக்கிறேன். எறும்பு வந்துவிட்டது.

ஒக்டோபர் 18, சனி

மழை. கூட்டினேன், துடைத்தேன். கழுதை மறுபடி.

பகல் சோறு. ராத்தா மீனின் நடுத்துண்டை எடுத்து என் பீங்கானில் வைத்தாள்.

"உனக்கு?"

"நீ தின்னு."

"ஆறு கேள்வி போயிட்டே."

"போகட்டும். கெடச்சா கெடைக்கும். நீ அத அழிச்சது நல்ல விஷயத்துக்குத்தானே. நான் ரிஸ்வானாட ராத்தாவிட்டயும் சொன்னன், எங்கட தம்பி வாயாடிதான், ஆனா ஆம்பள எண்டு."

தின்றேன். முள்ளையும் சேர்த்து விழுங்கினேன் போல, இன்னும் குத்துகிறது.

சரி. இந்தக் கொப்பியை யாரும் வாசிக்கப் போவதில்லை. யாரும் எழுந்து நிற்கவும் வேண்டாம்.

லொக்கை அழித்தது உண்மை. சேர் தொழப் போன நேரம், கடவுச்சொல் விசைப்பலகைக்கு அடியில் ஒட்டியிருந்தது. கைதேர்ந்த வேலை என்று எழுதினேன், அது இதுதான். ஆனால் பெண்கள் யாரும் அப்போது என் நினைவில் இல்லை. ரிஸ்வானாவின் விஷயம் நடந்ததே பிறகு. அந்தக் கிழமை முழுக்க நாலாம் நம்பரில் நான் தேடியது, ஹாஜியார் ஊர் முன்னால் கண்ணாடியைத் துடைத்துவிட்டு வாசிக்கவிருந்தது: "மீசை கெதியாக வளர". "பதினாறு வயதில் மீசை இல்லாவிட்டால் நோயா". "மீசைக்கு வெங்காயச் சாறு எத்தனை நாள்".

அதற்காகத்தான் சேர் ஒரு மாதம் கள்ளனாக நடந்தார். அதற்காகத்தான் லொக் மதுரங்குளிக்குப் போனது. ராத்தாவின் ஆறு கேள்வியும் அதற்காகத்தான் போனது. என் நிய்யத்து முழுவதும் மேலுதட்டில்தான் இருந்தது.

வாப்பாவின் தோட்டத்து வெங்காயம், இரண்டு கிழமை, காலையும் மாலையும் பூசினேன். தோல் உரிந்தது. வேறொன்றும் இல்லை.